மாத்தளைக் குகைகளும் இரு கமராக்களும்

ஒரு கமராவை மற்றொரு கமராவுடன் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் கடைத்தெருவையே நாடுவர். அங்கே விலைச் சீட்டு உண்டு. படப்புள்ளிகளின் கணக்கு உண்டு. விற்பவரின் நாவன்மையும் உண்டு. ஆயினும், ஒரு கருவியின் தகுதியை அறிவதற்கு, அது செய்ய வேண்டிய வேலையின் முன்னே அதனை நிறுத்திப் பார்ப்பதே தக்க வழியாகும். கமராவுக்கு அத்தகைய சோதனைக்களம் ஒன்று இலங்கையின் நடுவிலே அமைந்திருக்கின்றது. அதுவே மாத்தளை மாவட்டம்.

தெற்கே மலைநாட்டையும் வடக்கே உலர்வலயச் சமவெளியையும் தொட்டு நிற்கும் இம்மாவட்டத்திலே, ஒளியின் பல நிலைகளையும் ஒரே நாளிற் காணலாம். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னனின் சிகிரியாக் குன்று இங்கே உள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னனுக்குப் புகலிடம் தந்தவையாகக் கருதப்படும் தம்புள்ளைக் குகைகளும் இங்கேயே உள்ளன. திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற அலுவிகாரையும், பல்லவர் கலைச் சாயல் கொண்ட நாலந்தாக் கெடிகேயும் இம்மாவட்டத்தின் செல்வங்களே. மாத்தளை நகரின் நடுவே முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் உயர்ந்து நிற்கின்றது. மாசி மகத்தின்போது ஐந்து தேர்கள் அங்கே வீதிவலம் வருகின்றன. தேர் வீதியிலோ கண்ணைக் கூசச் செய்யும் வெயில். தம்புள்ளைக் குகையினுள்ளோ விளக்கொளியும் வாயில்வழி கசியும் பகலொளியுமே துணை. வெயிலிலே எல்லாக் கமராக்களும் வல்லவை போலத் தோன்றும். இருளிலேதான் அவற்றின் வேறுபாடு புலப்படும்.

கமரா வருவதற்கு முன்பே, இம்மாவட்டத்து ஓவியங்கள் அழிந்துவிடும் முன்னர் அவற்றைப் படியெடுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் சிலருக்கு உண்டாயிற்று எனக் கருதிவிடலாகாது. உண்மையில் கமராவே முதலில் வந்தது. 1870, 1871ஆம் ஆண்டுகளில் யோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர், அரசினரின் தொல்பொருட் குழுவுக்காக அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா முதலிய இடங்களின் பழஞ்சின்னங்களைப் படம்பிடித்தார். அக்காலத்து முறை ஈரத் தகட்டு முறை எனப்பட்டது. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது உலர்வதற்கு முன்னரே படத்தை எடுத்து முடித்து, உடனே இருட்டறையிற் கழுவியும் ஆக வேண்டும். காட்டு நடுவே இருட்டறைக்கு எங்கே போவது? ஆதலால் இருட்டுக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், நீர் ஆகிய அனைத்தையும் ஆட்கள் சுமந்துவர வேண்டியிருந்தது.

இத்தனை பாடுபட்டும் அக்கமரா சிகிரியாவின் பெண் ஓவியங்களைப் பதிவுசெய்ய வல்லதாய் இருக்கவில்லை. ஓவியங்கள் செங்குத்தான பாறையின் இடுக்கிலே, எளிதில் எட்ட முடியாத உயரத்தில் இருந்தன என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் வேதியியல் சார்ந்தது. ஈரத் தகடு நீல ஒளிக்கே பெரிதும் உணர்ச்சி உடையது. சிவப்பையும் மஞ்சளையும் அது ஏறக்குறையக் கருமையாகவே காட்டும். சிகிரியா ஓவியரோ செங்காவியையும் மஞ்சளையும் பச்சையையும் கொண்டே பெரும்பாலும் தீட்டினர். நீலம் அங்கே அரிது. ஓவியர் எதனை மிகுதியாகப் பயன்படுத்தினாரோ அதனைக் காணாத கண்ணாய் அக்காலக் கமரா இருந்தது.

ஆகவே, ஓவியங்களைப் படியெடுக்கும் பணி மீண்டும் மனிதன் கைக்கே வந்தது. 1889ஆம் ஆண்டில் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த அலிக் மரே என்பவர் அவ்விடுக்கிலே ஏறி, மெல்லிய தாளைக் கொண்டு சில ஓவியங்களைப் படியெடுத்தார். பின்னர், தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல் அவர்களின் காலத்தில், அவரிடம் வரைஞராய் இருந்த டி. ஏ. எல். பெரேரா 1896, 1897ஆம் ஆண்டுகளில் அவ்வோவியங்களை எண்ணெய் வண்ணத்தில் அழகுற வரைந்து தந்தார். அப்பிரதிகள் கொழும்பு நூதனசாலையின் உடைமைகளாயின.

இவ்வுழைப்பின் அருமை எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே முழுமையாக உணரப்பட்டது. 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இரவோடிரவாகச் சிலர் சிகிரியா இடுக்கினுட் புகுந்து, ஓவியங்களின்மேல் பச்சை வர்ணத்தை வாரிப் பூசினர். சில இடங்களிற் சாந்தையே கொத்திச் சிதைத்தனர். இத்தாலியிலிருந்து லூசியானோ மராண்சி என்னும் வல்லுநர் வரவழைக்கப்பட்டார். இலங்கைத் தொல்பொருள் திணைக்களத்தின் ராஜா டி சில்வா முதலியோருடன் சேர்ந்து அவர் அவ்வர்ணத்தை நீக்கினார். பூசப்பட்டதை நீக்க முடிந்தது. கொத்தி எறியப்பட்டதை மீட்க எவராலும் இயலவில்லை. இன்று சிகிரியாவில் எஞ்சியிருக்கும் பெண் உருவங்கள் இருபதுக்குச் சற்றே கூடுதலானவை. சிதைந்த முகம் முன்பு எவ்வாறு இருந்தது எனக் கேட்பாருக்கு, அதற்கு முன் எடுக்கப்பட்ட படியும் படமுமே விடையாகும். படப்பிடிப்பு பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டி நாட்டின் சாட்சியாய் மாறும் இடம் இதுவே.

அச்சாட்சியைச் சொல்லவந்த கருவிகளுள் நெடுங்காலம் முதலிடம் பெற்றிருந்தது ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமராவாகும். அதன் அமைப்பு எளியது. முன்னே ஒரு வில்லை. அதன் பின்னே நாற்பத்தைந்து பாகைச் சரிவில் ஓர் ஆடி. மேலே ஐம்பட்டை அரியம். வில்லை வழியாக வரும் ஒளி ஆடியிற் பட்டு மேலெழுந்து, அரியத்தினுள்ளே திரும்பி, படம் எடுப்பவரின் கண்ணை அடைகின்றது. பொத்தானை அழுத்தியவுடன் ஆடி மேலே எழும், ஷட்டர் திறக்கும், அதே ஒளி பின்னேயுள்ள பிலிமின்மேல் விழும். கண் கண்டதையே பிலிமும் காணும் என்பதே இதன் சிறப்பு. 1959ஆம் ஆண்டில் யப்பானிய நிக்கோன் நிறுவனம் வெளியிட்ட எவ் என்னும் கமரா இவ்வகையைத் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் கைகளில் நிலைபெறச் செய்தது. வில்லையைக் கமராவோடு பூட்டுவதற்கு அன்று வகுக்கப்பட்ட பூட்டுவாய், அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்நிறுவனத்தின் தெறிப்புக் கமராக்களில் தொடர்ந்து இடம்பெற்றது.

பிலிம் இருந்த இடத்தில் இலத்திரனியல் உணரி அமர்ந்தபோது இக்கமரா டிஜிட்டல் கமராவாயிற்று. இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்னேற்றமாகச் சேர்த்து வைக்கும் சில்லைக் கண்டனர். அதற்காக 2009ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். 1975ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன், பதினாயிரம் படப்புள்ளிகளே கொண்ட படத்தை ஒலிநாடாப் பேழையிற் பதியும் கருவியொன்றைச் செய்தார். ஒரு படம் பதிவதற்கு 23 வினாடிகள் ஆயின. 1991ஆம் ஆண்டில் அதே நிறுவனம், நிக்கோன் எவ்3 கமராவின் உடலிலே உணரியைப் பொருத்தி, 13 இலட்சம் படப்புள்ளிகள் தரும் கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளிலே தனியாகச் சுமக்க வேண்டியிருந்தது. லோட்டனின் இருட்டுக் கூடாரம் வேறு வடிவில் மீண்டும் வந்தது போலும்! 1999ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கோன் டி1, அச்சுமையை நீக்கி யாவற்றையும் ஓருடலுக்குள் அடக்கியது.

இவ்வரலாற்றின் பின்னணியில், ஒரே நிறுவனத்தின் இரு கமராக்களை இப்போது ஒப்புநோக்கலாம். பழையது, 2004ஆம் ஆண்டில் வந்த நிக்கோன் டி70. புதியது, 2017ஆம் ஆண்டில் வந்த நிக்கோன் டி850. இரண்டும் 1959ஆம் ஆண்டுப் பூட்டுவாயையே உடையவை. ஆதலால், ஒரே வில்லையை இரண்டிலும் பூட்டிப் பார்க்கலாம். வேறுபாடு எதுவாயினும் அது கமராவின் வேறுபாடே என்று துணியலாம்.

டி70 வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஆயிரம் டொலருக்குச் சற்றுக் குறைவு. செய்தித்தாள் நிறுவனங்களுக்கே உரியதாய் இருந்த டிஜிட்டல் தெறிப்புக் கமராவைச் சாதாரண ஆர்வலரின் கைக்குக் கொண்டுவந்தவற்றுள் அதுவும் ஒன்று. அதன் உணரி பிலிம் சட்டத்தைவிடச் சிறியது. 61 இலட்சம் படப்புள்ளிகள் கொண்டது. ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண் 200 முதல் 1600 வரை. வினாடிக்கு மூன்று படங்கள். பின்புறத்துத் திரை 1.8 அங்குலம். டி850 கமராவின் விலை அதனைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்டது. அதன் உணரி முழுப் பிலிம் சட்டத்தின் அளவினது. 4 கோடியே 57 இலட்சம் படப்புள்ளிகள் கொண்டது. ஐ.எஸ்.ஓ. எண் 64 முதல் 25600 வரை. வினாடிக்கு ஏழு படங்கள். திரை 3.2 அங்குலம், தொட்டு இயக்கலாம், சரித்தும் பார்க்கலாம். அசையும் படமும் எடுக்கலாம்.

எண்கள் வெறும் எண்களாய் நிற்கும்வரை பயனில்லை. அவற்றைத் தம்புள்ளைக் குகைக்குள் கொண்டு செல்ல வேண்டும். அங்குள்ள ஐந்து குகைகளுள் மிகப் பெரியதான இரண்டாவது குகை, ஏறக்குறைய 52 மீற்றர் நீளமும் 23 மீற்றர் அகலமும் உடையது. உயரம் மிகுந்த இடத்தில் 7 மீற்றர். பாறைக் கூரை முழுவதும் துணி விரித்தாற்போல் ஓவியங்கள் படர்ந்துள்ளன. அவற்றிற் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில், நாயக்க வமிசத்துக் கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் மீளத் தீட்டப்பட்டவை. பழம் ஓவியங்களின் முன் பிளாஷ் ஒளியைப் பாய்ச்சுவதைப் பாதுகாப்பாளர் எங்கும் விரும்புவதில்லை. சிகிரியாவிலும் அது தடுக்கப்பட்டதே. எனவே உள்ள ஒளியைக் கொண்டே படமெடுக்க வேண்டும்.

இங்கே கணக்கு எளிது. டி70 தன் உச்ச எண்ணாகிய 1600இல் நிற்கும்போது, ஷட்டர் ஒரு வினாடியின் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும் எனக் கொள்வோம். அந்நேரத்தில் மனிதன் கை கட்டாயம் சிறிதேனும் நடுங்கும். கூரையிலுள்ள கோடுகள் இரட்டையாய்ப் படியும். டி850 தன் உச்ச எண்ணாகிய 25600இல் நின்றால் அதற்கு வேண்டிய நேரம் அதிற் பதினாறில் ஒரு பங்கே. அதாவது 128இல் ஒரு பங்கு வினாடி. உச்ச எண்ணில் எக்கமராவிலும் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் எழும் என்பது உண்மையே. ஆயினும் புதிய கமராவை 6400 அளவிலேயே நிறுத்திக்கொண்டாலும், 32இல் ஒரு பங்கு வினாடி கிடைக்கின்றது. அகன்ற கோண வில்லையுடன், மூச்சை அடக்கி நின்று எடுப்பவருக்கு அது போதும். அந்நிலையில் அப்படம், பழையது 1600இல் தரும் படத்தைவிடத் தூய்மையாகவும் இருக்கும்.

ஒளியும் இருளும் அருகருகே நிற்கும் இடத்திலும் புதியதே மேம்படுகின்றது. குகை வாயிலில் நின்று படமெடுத்தால், வெளியே வெண்மையான முற்றம். உள்ளே கருமையான சிலை. பழைய கமரா ஒளியின் ஏற்றத்தாழ்வை 4096 படிகளாய்ப் பகுத்து அளக்கின்றது. புதியது 16,384 படிகளாய்ப் பகுக்கின்றது. இருளிலுள்ள விவரத்தைப் பின்னர் கணினியில் வெளிக்கொணர முயன்றால், பழைய படத்தில் சேறும் புள்ளியுமே தோன்றும். புதிய படத்தில் சிலையின் ஆடை மடிப்பு தெரியும்.

நுணுக்கத்திலும் அவ்வாறே. மூன்று மீற்றர் அகலமான கூரைப் பகுதியொன்றைப் படமெடுப்பதாகக் கொள்வோம். டி70 கமராவின் படம் அகலவாட்டில் 3008 புள்ளிகள் கொண்டது. ஆகவே ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி கிடைக்கின்றது. டி850 கமராவின் படம் 8256 புள்ளிகள் கொண்டது. மில்லிமீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்று. சாந்திலே தோன்றும் மயிரிழை வெடிப்பு முன்னையதில் மறையும், பின்னையதில் தெரியும். அவ்வெடிப்பு சென்ற ஆண்டு இருந்ததா, இவ்வாண்டு நீண்டதா என்று அறிய விரும்பும் பாதுகாப்பாளருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

இவ்வளவும் கேட்டவர், பழைய கமராவை மூட்டை கட்டி வைத்துவிடலாம் என்று முடிவுசெய்வரேல், அது அவசரத் தீர்ப்பாகும். ஓவியம் அசைவதில்லை. சிலையும் அசைவதில்லை. அசையாத பொருளின்முன் முக்காலியொன்றை நிறுத்த அனுமதி கிடைக்குமாயின், டி70 கமராவை 200 என்ற தாழ்ந்த எண்ணிலே வைத்து, ஷட்டரைச் சில வினாடிகள் திறந்துவிடலாம். அப்போது புள்ளிகள் மிகக் குறைவு, நடுக்கமும் இல்லை. நுணுக்கம் போதாதெனின், அதே மூன்று மீற்றர்ப் பகுதியை வரிசைக்கு மூன்றாய் ஒன்பது படங்களாகப் பிரித்து எடுத்து, கணினியில் இணைத்துக்கொள்ளலாம். படங்கள் ஒன்றன்மேலொன்று சிறிது கவிய வேண்டுமாதலால் சில படங்கள் கூடுதலாகத் தேவைப்படலாம்; எனினும் புதிய கமரா ஒரே அழுத்தலில் தரும் நுணுக்கத்தைப் பழைய கமரா ஒரு மணி நேரப் பொறுமையில் ஏறக்குறையத் தந்துவிடும். அலிக் மரேயும் பெரேராவும் செலவிட்ட நாட்களோடு ஒப்பிட்டால் அவ்வொரு மணி நேரம் எம்மாத்திரம்?

வெயிலிலோ வேறுபாடு மேலும் சுருங்குகின்றது. மாசி மகத்துத் தேர் வீதியில், நண்பகலில், இரு கமராக்களும் தத்தம் தாழ்ந்த எண்களிலேயே இயங்கும். 61 இலட்சம் படப்புள்ளிகள் கொண்ட படம் பத்து அங்குல அகலத்தில் அச்சிடுவதற்குத் தக்கது. குடும்பத்துச் சட்டகத்துக்கும் பாடசாலை மலருக்கும் நாளிதழுக்கும் அதற்குமேல் வேண்டுவதில்லை. தேர் அசையும்போது, வடம் பிடிப்போரின் முகங்கள் கணந்தோறும் மாறும்போது, வினாடிக்கு ஏழு படம் எடுப்பது மூன்றைவிட நன்றுதான். இரவு நேரத்துத் திருவிழாவிலே, தீபங்களின் ஒளியில் நடப்போரைப் படமெடுக்கையில், முக்காலியும் பொறுமையும் உதவா; அங்கே புதிய கமராவுக்கு ஈடு இல்லை. எனவே இரண்டின் எல்லையும் தெளிவாகின்றது. ஒளி குறைந்து, பொருளும் அசையும் இடம் புதியதற்கே உரியது. ஒளி மிகுந்த இடத்திலும் பொருள் அசையாத இடத்திலும் பழையது தன் கடமையைச் செய்யும்.

வில்லை பற்றியும் ஒரு வியப்பு உண்டு. பிலிம் காலத்து நிக்கோன் வில்லைகளுள் 1977ஆம் ஆண்டு முதல் வந்த கையாற் குவியப்படுத்தும் வகையைப் பழைய டி70 கமராவிற் பூட்டினால், ஒளியை அளக்கும் கருவி இயங்காது. எடுப்பவர் தாமே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். புதிய டி850 கமராவிலோ அவ்வில்லைகளுடன் ஒளியளவி இயங்குகின்றது. பழையதை மதிக்கும் பண்பு சில வேளைகளிற் புதியதனிடத்தே மிகுந்து காணப்படுவது உலகியல்பு போலும். சுமையில் பழையதே நன்று. வில்லையும் மின்கலமும் நீங்கலாக டி70 ஏறக்குறைய 600 கிராம். டி850 ஏறக்குறைய 900 கிராம். சிகிரியாவின் படிகளில் ஏறுவோருக்கு அவ்வேறுபாடு விளங்கும். அன்றியும், புதிய கமராவின் ஒரு முழுநிலைப் படக்கோப்பு பழையதன் கோப்பைவிடப் பன்மடங்கு பெரியது. அதற்கேற்ற கணினியும் சேமிப்பகமும் வேண்டும்.

சேமிப்பு என்றதும் இவ்வொப்பீட்டின் தலையாய பகுதி தொடங்குகின்றது. படம் எடுப்பது பாதி வேலை. அதனை வைத்துக் காப்பது மறுபாதி. லோட்டன் 1872ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து திரும்பி மறைந்தார். ஆயினும் அவர் படங்கள் அச்சுப் பிரதிகளாய்ப் பலவிடங்களுக்குச் சென்றமையால், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பிரித்தானியச் சேகரிப்புகளிற் காணக்கிடைக்கின்றன. ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் நேர்வது யாது என்பதைத் தமிழ் மக்கள் துயரத்தோடு அறிவர். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லா ஏடுகள் என்றைக்குமாக மறைந்தன. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின்போது மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் தீயினாற் சேதமுற்றது. கோயிலை மக்கள் மீண்டும் எழுப்பினர். ஆனால் அத்தகைய தீயிலே வெந்துபோகும் திருமணப் படத்தை, பாட்டனாரின் ஒரே உருவப்படத்தை, மீண்டும் எழுப்ப எந்தச் சிற்பியாலும் முடியாது.

இவ்விடத்திலே டிஜிட்டல் கமராக்கள், பழையனவாயினும் புதியனவாயினும், பிலிமுக்கு இல்லாத பேறொன்றை உடையன. பிலிமுக்கு மூலம் ஒன்றே. பிரதி எடுக்குந்தோறும் சிறிது தேய்வு உண்டு. டிஜிட்டற் படத்துக்கு ஆயிரம் பிரதி எடுப்பினும் ஆயிரமும் மூலமே. டி70 கமராவில் நினைவக அட்டை ஒன்றே பொருத்தலாம். டி850 கமராவில் இரண்டு பொருத்தி, எடுக்கும்போதே இரு பிரதிகளாய்ப் பதியச் செய்யலாம். ஆனால் பிரதி எடாது விட்டுவிட்டால், டிஜிட்டற் படம் கண்ணாடித் தகட்டைவிட விரைவிலே மாளும். தகட்டை வெளிச்சத்திற் பிடித்தால் எந்த நூற்றாண்டிலும் படம் தெரியும். பழுதான நினைவக அட்டையை எந்த வெளிச்சத்திற் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. 2004ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டு, ஒரே கணினியில் வைக்கப்பட்டு, அக்கணினியோடு மறைந்துபோன படங்கள் எத்தனையோ வீடுகளில் உண்டு. அவற்றை அழித்தது தீயன்று, அசட்டையே.

காத்தலோடு பெயரெழுதுதலும் சேர வேண்டும். 19ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர் மன்னார்க் கரையிறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து மலைநாட்டுக்கு நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். அக்காலப் படப்பிடிப்பாளர் தோட்டங்களையும் தொழிலாளரையும் படமெடுத்தனர். அப்படங்களிலே தோட்டத்தின் பெயர் இருக்கும். துரையின் பெயர் இருக்கும். கூடை சுமந்து நிற்பவளின் பெயர் பெரும்பாலும் இராது. இன்றைய டிஜிட்டற் கமரா, பழையதாயினும், ஒவ்வொரு படத்தோடும் ஆண்டு, மாதம், நாள், மணி ஆகியவற்றைத் தானே எழுதி வைக்கின்றது. நிற்பவரின் பெயரை மட்டும் அது அறியாது. அதனை மனிதனே எழுத வேண்டும்.

நாலந்தாக் கெடிகே இதற்கு நல்லதொரு பாடம். மகாவலித் திட்டத்தின் போவத்தன்னை நீர்த்தேக்கத்தால் மூழ்கவிருந்த அக்கற்றளி, 1970களிலே கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, உயர்ந்த அணைமேட்டிலே மீளக் கட்டப்பட்டது. இன்று அங்கே செல்வோர் கட்டடத்தைக் காண்பர். அது முன்பு நின்ற நிலத்தைக் காணார். அது நீரின் கீழே உள்ளது. அந்நிலத்தின் தோற்றம் பழைய படங்களிலே மட்டுமே எஞ்சும். அன்று அங்கே நின்றவர் கையில் இருந்த கமரா சிறந்ததா, சாதாரணமானதா என்று இன்று எவரும் கேட்பதில்லை. எடுத்தாரா, வைத்துக் காத்தாரா என்றே கேட்கின்றனர்.

புதியது என்னும் சொல்லுக்கும் ஆயுள் குறைவு. 2018ஆம் ஆண்டில் நிக்கோனும் கெனனும் ஆடியில்லாக் கமராக்களுக்கெனப் பெரிய பூட்டுவாய்களை அறிமுகப்படுத்தின. அவற்றில் ஆடியும் இல்லை, அரியமும் இல்லை. உணரி கண்டதை ஒரு சிறு திரையே கண்ணுக்குக் காட்டுகின்றது. அதன் பின்னர் இவ்விரு நிறுவனங்களின் முயற்சியும் அவ்வழியே திரும்பியது. 2020ஆம் ஆண்டில் இரண்டும் சில தெறிப்புக் கமராக்களை வெளியிட்டு ஏறக்குறைய அவ்வளவில் நின்றுவிட்டன. ஆகவே டி850 கமராவும் இப்போது பழையவற்றின் வரிசையில் வந்து அமர்ந்துவிட்டது. இன்று புதியதென வாங்கப்படுவதும் நாளை அவ்வரிசைக்கே வரும்.

இதனால் புதிய கமரா வேண்டாம் என்று சொல்லவந்ததாகாது. குகையின் மயிரிழை வெடிப்பை அளக்க வேண்டிய தொல்பொருளாளருக்கும், இரவுத் திருவிழாவைப் பதிவுசெய்யும் செய்தியாளருக்கும் அது வேண்டும். அவர்களுக்கு அதனைப் பெற்றுக்கொடுப்பது சமுதாயத்தின் கடன். ஏனையோருக்கு, வீட்டு அலுமாரியிலோ பாடசாலைப் பெட்டகத்திலோ உறங்கும் பழைய கமரா போதும். ஊர்க் கோயிலின் பழைய தேர், இடிக்கப்படவிருக்கும் லயம், எண்பது வயது மூதாட்டியின் முகம் ஆகியவை நல்ல கமரா வரும்வரை காத்திருப்பதில்லை. நாளை வாங்கவிருக்கும் கமரா நேற்று அழிந்த சுவரைப் படமெடுக்காது. கையிலுள்ளதைக் கொண்டு இன்றே எடுத்து, பெயரும் ஊரும் நாளும் எழுதி, இரண்டு மூன்று இடங்களில் வைத்துக் காப்போரே லோட்டனின் வழியிலும் பெரேராவின் வழியிலும் நடப்போராவர்.